திருப்பூரில் பத்து மஞ்சள் முட்டைகள்

திருப்பூருக்கு இது எனக்கு ஏழாவது பயணம். ஏழு முறையும் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன். ஆள் இல்லாமல் அல்ல. ஏசி அறையில் வாழையிலை போட்டு, மூன்று பேர் சுற்றி நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சார்" என்று உபசரிப்பார்கள். நீங்களும் உட்காருங்கள் என்றால், "நாங்க அப்பறம் சாப்புட்டுக்கறமுங்க" என்பார்கள். நான் ஜெர்மனியிலிருந்து துணியின் நிறத்தைச் சரிபார்க்க வருகிற ஆள். "இந்த ஷேட் ஆகாது" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு லாரித் துணி மூலைக்குப் போகும். அப்படிப்பட்டவனின் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்ச யாருக்கு மனம் வரும்?

இந்த முறை வம்பு மஞ்சளால் வந்தது. சின்னப் பிள்ளைகள் போடுகிற டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு வாத்துக் குஞ்சு. பகல் வெளிச்சத்தில் வெயில் மாதிரி இருந்த துணி, டியூப் லைட்டுக்குக் கீழே பச்சையடித்தது. மூன்று முறை மாதிரி அனுப்பினார்கள், மூன்று முறையும் வேண்டாம் என்றேன். கடைசியில், நேரே போய் நின்று முடித்துவிட்டு வா என்று என் மேலாளர் சொல்லிவிட்டார். அவர் சொன்ன வாரம் ஈஸ்டர் வாரம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் யாழ்ப்பாணத்துக்காரன். பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குப் போனவன். கிறிஸ்தவன் அல்ல. ஆனால் என் மகள் இனியா பாலர் பள்ளியிலிருந்து ஒரு பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அங்கே குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கிற நேரத்தில் ஈஸ்டர் வரும். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை முட்டைகளை அவித்து, வினிகர் கலந்த சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து, மேலே கோடும் பூவும் வரைவார்கள். ஞாயிறு காலையில் ஆளுக்கொரு முட்டையை எடுத்து ஒன்றோடொன்று முட்ட வைப்பார்கள். எவருடைய ஓடு உடையவில்லையோ அவருக்கு வெற்றி. இனியாவுக்கு மூன்று வயதிலிருந்து நாங்கள் இருவரும் இதைச் செய்கிறோம்.

நானும் அவளுடைய தாயும் பிரிந்து ஐந்து வருடமாகிறது. நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த தாளில் ஒவ்வொரு பண்டிகைக்கும் முறை இருக்கிறது. ஈஸ்டர் ஒரு வருடம் தாய்க்கு, ஒரு வருடம் எனக்கு. இந்த வருடம் என் முறை. இனியாவுக்குப் பதின்மூன்று வயது. அடுத்து என் முறை வரும்போது அவளுக்குப் பதினைந்து ஆகியிருக்கும். பதினைந்து வயதுப் பெண் அப்பனோடு உட்கார்ந்து முட்டைக்குச் சாயம் போடுவாளா? அந்தக் கேள்வியைத்தான் நான் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

"அப்படியென்றால் இந்த வருடம் விட்டுவிடுவோம்" என்றாள் இனியா, கிளம்பும் முன் நான் விஷயத்தைச் சொன்னபோது. எங்கள் பேச்சு ஜெர்மன் மொழியில்தான். "அப்பா" என்ற சொல் மட்டும் தமிழில் மிஞ்சியிருக்கிறது.

"விட வேண்டாம். போனில் செய்வோம். சனிக்கிழமை உனக்குக் காலை பதினொரு மணி, எனக்கு மதியம் இரண்டரை. நீ அங்கே, நான் இங்கே, ஒரே நேரத்தில்."

"ம்" என்றாள். அந்த வயதில் அதற்கு மேல் வாங்க முடியாது.

வியாழக்கிழமை முழுவதும் சாயப்பட்டறை லேபில் போனது. அங்கே பொறுப்பில் இருப்பவர் சரஸ்வதி. நாற்பது வயதிருக்கும். சிறு சிறு குடுவைகளில் சாயம் கலந்து, துண்டுத் துணியை நனைத்து, காய வைத்து, லைட் பாக்ஸுக்குள் வைத்து மூன்று விதமான வெளிச்சத்தில் பார்ப்பது அவர் வேலை. எனக்கு ஏழு பயணமாக அவரைத் தெரியும். ஷேட் தவிர வேறெதுவும் பேசியதில்லை. மாலை ஐந்து மணிக்கு நான்காவது மஞ்சள் வந்தது. பார்த்தேன். டியூப் லைட்டிலும் வெயில் வெயிலாகவே இருந்தது. நல்லது என்று படம் எடுத்து அனுப்பினேன். ஜெர்மனியில் எனக்கும் மேலே கடைசி ஒப்புதல் கொடுக்க வேண்டிய பெண்மணி செவ்வாய்க்கிழமை வரை விடுமுறை என்று தானாக ஒரு பதில் வந்து விழுந்தது. ஆக, எனக்கும் செவ்வாய் வரை திருப்பூர்.

வெள்ளிக்கிழமை முட்டை வாங்கக் கிளம்பினேன். ஜெர்மனியில் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பே வெள்ளை முட்டை தீர்ந்துவிடும், பழுப்பு முட்டைதான் கிடைக்கும். அதில் மஞ்சள் ஏறாது. இங்கே பார்த்தால் தெருவுக்குத் தெரு வெள்ளை முட்டை அடுக்கடுக்காக இருக்கிறது. சாயம் போடத்தான் ஆளில்லை. ஒரு டஜன் வாங்கினேன். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். மளிகைக் கடையில் கேசரிப் பவுடரும், பச்சை, சிவப்பு, எலுமிச்சை மஞ்சளில் பலகாரச் சாயமும் கிடைத்தன. "சார் கேரளாங்களா?" என்று கேட்டார் மளிகைக்காரர். ஏழு பயணமாக விளக்கி அலுத்துவிட்டது. "ஓம்" என்றேன், யாழ்ப்பாணத்து ஆமாம். அவர் இன்னும் குழம்பிப் போனார்.

ஆட்டோக்காரர் திருநெல்வேலிக்காரர். பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்த என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன சார், மடியில கொழந்தையா வச்சிருக்கிய?"

"முட்டை."

"பயப்படாதிய. பதினஞ்சு வருசமா இந்த ஊர்ல ஓட்டுதேன். குழியெல்லாம் நமக்கு மனப்பாடம்."

மனப்பாடம் செய்த குழிகளில் ஒன்றில் முன்சக்கரம் இறங்கியது. என் மடி நனைந்தது. பன்னிரண்டில் இரண்டு போய்விட்டன. "நேத்து இந்தக் குழி இங்க இல்ல சார்" என்றார் வருத்தத்தோடு.

நான் தங்கியிருந்தது கம்பெனி முதலாளியின் வீட்டு மாடி. கேட்டில் காவலாளி என் கால்சட்டையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், கையைக் கூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். முதலாளி ஊடு சைவமுங்க. முருகனுக்கு நேந்துட்டவங்க. முட்டை மட்டும் படியேற ஆகாதுங்க."

"சமைக்க இல்லை. சாயம் போட."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். வெயிலில் அதிக நேரம் நின்றவர்களைப் பார்க்கிற பார்வை அது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, பத்து முட்டையோடு, நடுத்தெருவில் நின்றேன். இந்த ஊரில் நான்கு பேருடைய எண்தான் என் போனில் இருந்தது. அதில் மூன்று பேர் முட்டையைப் பற்றிப் பேச முடியாத அளவுக்குப் பெரிய மனிதர்கள். சரஸ்வதியைக் கூப்பிட்டேன்.

"லேபுக்குக் கொண்டாந்துருங்க சார். இங்க ஆசிட், ஹீட்டர் எல்லாம் இருக்குதுங்க."

வாழ்க்கையில் முட்டையைத் தொட்டதே இல்லை என்றார் அவர். அவர் வீடும் சைவம். பொட்டலத்தை இடுக்கியால் பிடிக்கலாமா என்று யோசித்து, கடைசியில் ரப்பர் கையுறை மாட்டி வாங்கினார். நான் விஷயத்தைச் சொன்னேன். வினிகர் சேர்த்தால்தான் நிறம் ஓட்டில் பிடிக்கும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இது காட்டன் இல்லீங்க, பட்டு, கம்பளி ஜாதி. உப்பு, சோடா வேலைக்காகாது. வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிடு போடோணும். இங்க கேன் கேனா கெடக்குதுங்க."

பிறகு, எப்படியோ, இனியாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். முறைத் தாளைப் பற்றி, பதினைந்து வயதைப் பற்றி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். திருப்பூரில் நான் ஒருவரிடம் இருபது நிமிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு ரெண்டரைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மாடி அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறித் திருமுருகன்பூண்டிக்குப் போனேன். சாலையோரமெல்லாம் சிற்பக் கூடங்கள். உளிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பாதி முடிந்த பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிற்பி எனக்கு மோர் கொடுத்தார். எங்கே ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டார். ஒன்று என்றேன். "கூட்டியாந்திருக்கலாமுங்களே" என்றார். மோரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

திரும்பும் பஸ் பாதி வழியில் புகைந்து நின்றது. இறங்கி நின்றவர்கள் ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். துணி மூட்டைகளோடு போன மூன்று பெண்கள் என்னையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டார்கள். மூட்டைமேல் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து, லேபுக்குள் நுழைந்தபோது இரண்டு இருபது.

மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதில் பத்து முட்டைகள் இருந்தன. பத்தும் மஞ்சள்.

"அவிச்சு, சாயம் ஏத்தி முடிச்சுப் போட்டனுங்க சார்" என்றார் சரஸ்வதி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "எலுமிச்சை மஞ்சள்ல ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். நீங்க ஓகே பண்ணுன துணியோடவே வெச்சு மேட்ச் பண்ணிட்டனுங்க. மூணு லைட்லயும் பாத்துட்டன். பத்தும் ஒரே ஷேட்டுங்க. ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் சொல்ல முடியாது."

உண்மைதான். என் இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான ஷேட் பார்த்ததில்லை. வாங்குகிறவர் வந்து நிற்பதற்குள் சரக்கை முடித்து வைப்பதுதான் இந்த ஊரின் மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவர் எனக்குச் செய்திருந்தார். அதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது? மகளோட சேர்ந்து செய்யிறதுக்கெண்டு சொன்னனான் தானே! இனி நான் எதுக்குச் சாயம் போடுறது?"

வாசலில் எட்டிப் பார்த்த இரண்டு வட இந்தியத் தொழிலாளிகளில் ஒருவர் மற்றவரிடம் இந்தியில் கேட்டது, பயணங்களில் ஒட்டிக்கொண்ட அரைகுறை இந்தியால் எனக்கு விளங்கியது. "முட்டையையும் ரிஜெக்ட் பண்ணிவிட்டாரா?"

சரஸ்வதி கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

திரையில் இனியா. அவளுடைய தாயின் வீட்டுச் சமையலறை. மேசையில் ஐந்து கிண்ணங்களில் ஐந்து நிறம். ஒரு தட்டில் வெள்ளை முட்டைகள். ஒன்றையும் அவள் தொட்டிருக்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்ன பெண், வெள்ளை முட்டை தேடி எத்தனை கடை ஏறினாளோ, எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் தயார். உங்கள் முட்டை எங்கே?"

கேமராவைத் திருப்பினேன். அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"நான் இல்லாமலே செய்துவிட்டீர்களா, அப்பா?"

அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று குத்தியது. இந்த அம்மாதான் செய்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா நான்கு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா என்னங்க சொல்லுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். அவர் இரண்டு வினாடி யோசித்தார். சாயப்பட்டறைக்காரருக்குத் துக்கத்தை விட வழிமுறை சீக்கிரம் வரும் போலிருக்கிறது.

"ஷேட்டு தப்பாப் போச்சுன்னா நாங்க என்னங்க பண்ணுவோம்? சாயத்தைக் கழட்டிப்போட்டு மறுக்காப் போடுவமுங்க. ஆசிடுல ஏறுனது ஆசிடுலயே எறங்கும், பாருங்க."

காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை நீர்த்த அசிட்டிக் ஆசிடில் தோய்த்து, வெறுங்கையால் ஒரு முட்டையை எடுத்துத் தேய்த்தார். மஞ்சளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"நில்லுங்கள்! முழுவதும் அழிக்காதீர்கள்" என்று போனுக்குள்ளிருந்து கத்தினாள் இனியா. "அப்பா, அதாலேயே வரையலாம். மஞ்சளில் வெள்ளைக் கோடு. அவருக்குச் சொல்லுங்கள்."

அப்புறம் என்ன? அவள் அங்கே வெள்ளையில் நிறம் ஏற்றினாள், நான் இங்கே மஞ்சளில் நிறம் இறக்கினேன். போனை ஒரு குடுவையில் சாய்த்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் வேலை செய்தோம். நான் ஒரு மீன் வரைந்தேன். அது செருப்பு மாதிரி இருப்பதாக அவள் சொன்னாள். பள்ளியில் ஒருத்தி இனி இவளோடு பேசுவதில்லை என்று, தலையைத் தூக்காமல், முட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். சரஸ்வதி நான்கு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டு, கேமராவுக்கு முன்னால் சுற்றிக் காட்டினார். இனியா கை தட்டினாள்.

"முட்டை இத்தன நேரம் கதகதன்னு இருக்குமுன்னு தெரியாதுங்க" என்றார் சரஸ்வதி, அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி.

போன் வைத்த பிறகு நான் அவரிடம் சொன்னேன். "நான் கத்தினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதுக்கென்னங்க. ஷேட்டு பாக்கறவங்க சத்தம் போடாம இருப்பாங்களா" என்று சிரித்தார். டீ வந்தது. இரண்டு டம்ளர். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து குடித்தார். வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாமி அறைப் பக்கம் போக வேண்டும் என்றார், குறையாக அல்ல, தகவலாக.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. முட்ட வைக்க எனக்கு ஒரு முட்டை வேண்டும், அதை மாடி அறைக்குக் கொண்டுபோக முடியாது. முதல் நாள் மாலையே மீன் வரைந்த முட்டையைத் தெருமுனை டீக்கடையில் ஒப்படைத்திருந்தேன். மதியம் போனபோது கடைக்காரர் பன் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். "மூணு பேரு வெலை கேட்டாங்க சார், குடுக்கலீங்க."

இயந்திரங்கள் ஓய்ந்த திருப்பூரை அன்றுதான் பார்த்தேன். துவைத்த சட்டை போட்ட ஆண்கள் டீக்கடை பெஞ்சிலும், மூடிய கடை வாசல்களிலும், மரத்தடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் முகத்துக்கு நேரே ஒரு போன். பக்கத்தில் ஒருவர் இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிட்டாயா? பல் விழுந்துவிட்டதா? எங்கே, காட்டு." இந்த ஊரில் நான் மட்டும் தனியாள் என்று ஏழு பயணமாக நினைத்திருந்தேன். அது தவறு என்று தெரிந்ததில் தனிமை குறைந்துவிடவில்லை. ஆனால் வெட்கம் குறைந்தது. நானும் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரைக்கு இனியா வந்தாள். அங்கே காலை ஒன்பது. எண்ணிக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் முட்டையைத் திரையில் மோதினோம். ஆசிட் தின்ற என் ஓடு நொறுங்கியது. அவளுடையது அப்படியே இருந்தது.

"எனக்கு வெற்றி!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருடம் அம்மாவின் முறை" என்றாள்.

"தெரியும்."

"நான் யோசித்தேன் அப்பா. அம்மாவின் முறை என்றால் நான் அம்மா வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? இந்த வருடமும் நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவின் முறையில் நீங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. திருப்பூர் என்றால் தூரம், ஒன்றும் சொல்ல மாட்டாள்." முட்டையைத் தட்டில் வைத்தாள். "அடுத்த ஈஸ்டருக்கும் திருப்பூரில் இருங்களேன்."

சரி என்று சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. தலையை ஆட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர் தன் போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

செவ்வாய்க்கிழமை மஞ்சளுக்கு ஒப்புதல் வந்தது. மதியம் வழக்கம்போல ஏசி அறையில் இலை போட்டார்கள், மூன்று பேர் நின்றார்கள். வண்டி ஏறும் முன் சொல்லிக்கொள்ள லேபுக்குப் போனேன். கோலம் போட்ட முட்டை லைட் பாக்ஸின் மேல் ஒரு மூடியில் உட்கார்ந்திருந்தது.

"மறுபடி எப்பங்க வருவீங்க சார்? அடுத்த சீசனுக்கா?"

"அடுத்த வருசம். ஈஸ்டருக்கு."

"அப்ப மறுக்கா ஷேட்டுல ஏதாச்சும் பிரச்சனை வருமுங்களா?" என்று பதறினார்.

"வராது. நான் வருவன்."

சரஸ்வதி என்னையும் லைட் பாக்ஸ் மேலிருந்த முட்டையையும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க சார். வெள்ளை முட்டையா நானே வாங்கி வெச்சிருக்கறனுங்க" என்றார். "கை வெக்க மாட்டன்."